ஓய்வும் உழைப்பும்

ஓய்ந்திருத்தல் குற்றமாகுமோ? அயராத முயற்சியைப் போதித்த பகவன் புத்தரின் வழிநிற்கும் நாம் ஒரு பகல் முழுவதையும் கடற்கரையில் வாளாகக் கழிப்பது தகுமோ? சென்ற கோடையில் காட்டாக்கடைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டு, வடக்கே வர்க்கலைக் கடற்கரையை அடுத்த தென்னந்தோப்பில் கூடாரமடித்துத் தங்கியபோது நம்மிடையே எழுந்த வினா இது.

வர்க்கலை திருவனந்தபுரத்திற்கு வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. செந்நிறக் குன்றுகள் சுவர்போல நிற்க, அவற்றின் அடியில் மணற்கரை நீண்டு கிடக்கிறது. பாபநாசம் என்பது அக்கரையின் பெயர். அங்கே நீராடினால் பாவம் தொலையும் என்பது பலரது நம்பிக்கை. கர்க்கடக மாதத்து அமாவாசையன்று முன்னோர்க்குப் பலியிடப் பெருந்திரள் கூடுகிறது. நாமோ பாவந் தொலைக்கச் செல்லவில்லை. களைப்பைத் தொலைக்கவே சென்றோம்.

நம்முடன் வந்தோரில் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் முதியவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் நிழலில் சாய்ந்திருக்க, அவர் மட்டும் உதிர்ந்த ஓலைகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ஏன் ஐயா என்று வினவினோம். “வேலை செய்யாத நாளில் உண்ணும் சோறு பிறன் சோறு போலத் தோன்றுகிறது” என்றார். அச்சொல் நம் நெஞ்சைத் தைத்தது. ஓய்வு என்பது ஆண்டை மனமிரங்கித் தருவது என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட உள்ளமன்றோ அவ்வாறு பேசுகிறது!

நம் பாட்டன்மார்க்கு ஓய்வு மட்டுமா மறுக்கப்பட்டது? கடற்கரைக்குச் செல்லும் பொதுவழியும் மறுக்கப்பட்டது. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893-ஆம் ஆண்டு வில்வண்டியேறித் தடையை மீறிச் சென்றதனால் அன்றோ வழி பிறந்தது! ஓய்வும் அவ்வாறே போராடிப் பெற்றது. போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். அக்காலத்திலேதான், 1945-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கு வழி செய்யப்பட்டது. 1946-இல் வார உழைப்பு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது. மனிதன் உழைக்கும் கருவி மட்டுமல்லன் என்பதே அச்சட்டங்களின் உட்பொருள்.

தம்மமும் இதற்கு மாறானதன்று. அளவிறந்த முயற்சியால் பாதங்கள் புண்ணாகி மனந்தளர்ந்த சோணர் என்னும் பிக்குவுக்கு, வீணையின் நரம்பு மிக முறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை தராது என்பதைப் பகவன் நினைவூட்டினார். ஆகவே விழிப்போடு கூடிய ஓய்வு சோம்பலாகாது என்று முதியவர்க்கு எடுத்துரைத்தோம். அவரும் ஓலைக்கட்டைக் கீழே வைத்தார்.

இத்துடன் வினா தீர்ந்தது என்றே கருதினோம். பிற்பகலில் நம் இளைஞர் ஒருவர் கடலைக் காட்டிப் பேசினார். ஆறுகள் கடலைச் சேர்ந்ததும் தம் பெயரை இழப்பதுபோல, நால்வருணத்தாரும் சங்கத்தைச் சேர்ந்ததும் குலப்பெயரை இழக்கின்றனர் என்ற பகவனின் உவமையை அழகுற விளக்கினார். அப்போது அடுப்படியிலிருந்து மூதாட்டி ஒருவரின் குரல் எழுந்தது: “மக்களே, ஆறுகளுக்கெல்லாம் பெயர் போயிற்று. அடுப்புக்காரி என்ற பெயர் எங்களுக்கு எப்போது போகும்?”

திரும்பிப் பார்த்தோம். காலை முதல் பெண்கள் நீர் சுமந்தனர், மீன் அரிந்தனர், மரச்சீனிக்கிழங்கு வேகவைத்தனர், பாத்திரம் துலக்கினர். நாம் ஓய்வைப்பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தோம்! அவர்களுக்கு வீடும் தோப்பும் ஒன்றாகவே இருந்தன. ஆலைக்குச் சட்டம் வந்தது. அடுப்படிக்கு எச்சட்டம் வந்தது?

தேரிகாதையில் வரும் புண்ணிகையை அக்கணம் நினைந்தோம். அடிமைப்பெண்ணாகிய அவள், எசமானியின் தண்டனைக்கு அஞ்சி, கடுங்குளிரிலும் ஆற்றில் இறங்கி நீர் முகந்தவள். பாவம் போக்க அதே ஆற்றில் நடுங்கி மூழ்கிய பார்ப்பனரை நோக்கி, நீராடலால் விடுதலை கிட்டுமாயின் தவளையும் ஆமையும் சுவர்க்கம் அடையுமே என்று அவள் வினவினாள். பாபநாசத்தில் நீராடுவோரை நோக்கி அவ்வினாவை எழுப்ப நாம் ஆயத்தமாக இருந்தோம். ஆனால் நீர்க்குடம் சுமந்த புண்ணிகை நம் கூடாரத்தின் பின்புறமே நின்றதை மட்டும் காணவில்லை!

ஆகவே நம் முதல் வினாவுக்கு இப்போது இவ்வாறு விடை கூறலாம். ஓய்ந்திருத்தல் குற்றமன்று, பிறர் தோளில் சுமையை ஏற்றிவிட்டு ஓய்ந்திருத்தலே குற்றம். ஆண்டை நம்மிடம் செய்ததை நாம் நம் இல்லத்தில் செய்வோமாயின், மதம் மாறினோமேயன்றி மனம் மாறினோமில்லை. பஞ்சசீலத்தில் கொடாததை எடாமை ஒன்று. பிறருடைய ஓய்வும் கொடாதவற்றுள் அடங்கும் என்பதே நம் துணிபு.

அன்றிரவு கஞ்சி காய்ச்சியவர் ஆடவர். ஓலை கட்டிய முதியவரே அகப்பை பிடித்தார். கஞ்சி சற்றே அடிபிடித்தது. மூதாட்டி குறை கூறிக்கொண்டே உண்டு, பின்னர்க் கரையோரமாக அலை பார்க்கச் சென்றார். வரும் கோடையிலும் முகாம் உண்டு. புறப்படுமுன் அடுப்படி முறையை எழுதி வைத்துக்கொண்டே புறப்படுவோமாக.