முதலில் யார் கொடுப்பது?

"வருகிற மனிதனைத் திருடன் என்று மனத்தில் வைத்துக்கொண்டு, வாயால் 'வாருங்கள், உட்காருங்கள்' என்று சொல்ல எனக்கு வராது" என்றார் நண்பர்.

அவர் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர், மாம்பலத்தில் குடியிருக்கிறார். விற்க வேண்டியிருந்த பொருள் அவருடையதன்று, மறைந்த தம்பியுடையது. தம்பி துபாயில் இருபத்தைந்து ஆண்டு உழைத்தவர். 1998-இல், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை துணிந்து, ஒரு ரோலெக்ஸ் கைக்கடிகாரம் வாங்கினார். அதைக் கையில் கட்டிக்கொண்ட நாட்களைவிடப் பெட்டியில் வைத்துப் பார்த்த நாட்களே அதிகம். இப்போது அவர் மனைவி, மகளின் படிப்புச் செலவுக்காக அதை விற்றுத் தரும்படி நண்பரிடம் ஒப்படைத்திருந்தாள்.

கடைக்காரர்கள் சொன்ன விலை மனசுக்கு ஒப்பவில்லை. நண்பரின் மகன் படம் எடுத்து இணையத்தில் விளம்பரம் போட்டான். நாலு லட்சத்து இருபதினாயிரம் என்று விலையும் குறித்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் ஒருவர் பேசிவிட்டார். "இன்றிரவே உங்கள் வீட்டுக்கு வருகிறேன். முழுப் பணமும் ரொக்கம். முகவரியை மட்டும் சொல்லுங்கள்" என்றாராம். நல்ல குரல், அழகான இங்கிலீஷ். நண்பர் தெருப் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். மகன் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு பையன் சில விதிகள் செய்தான். வீட்டு முகவரி யாருக்கும் கிடையாது. சந்திப்பது வங்கிக்குள், பகல் வேளையில். நண்பர் தனியாகப் போகக் கூடாது. ரொக்கம் வேண்டாம். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 முதல் தடுத்திருக்கிறது என்பது ஒருபுறம்; அவ்வளவு நோட்டையும் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவது வேறு ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, 'பணம் அனுப்பிவிட்டேன்' என்று வாங்குகிறவர் தம் கைபேசியைக் காட்டினால் அதை நம்பக் கூடாது. அப்படிக் காட்டுவதற்கென்றே போலிச் செயலிகள் இருக்கின்றன. நம் கணக்கில் பணம் ஏறியதை நம் கண்ணால் பார்த்த பிறகே கடிகாரம் கை மாற வேண்டும்.

இதைக் கேட்டுத்தான் நண்பர் கொதித்தார். என்னை நடுவராக அழைத்தார்.

அவர் கோபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. முன்பின் தெரியாதவனைக் கண்டவுடன் கதவைத் தாழிடுகிற சமூகம் நல்ல சமூகமா? தமிழாசிரியர் ஆயிற்றே; மெய்ப்பொருள் நாயனாரைத் துணைக்கு அழைத்தார். முத்தநாதன் திருநீறு பூசி, புத்தகப் பையில் கத்தியை மறைத்துக்கொண்டு வந்தான். தத்தன் வாசலில் தடுத்தும் கேளாமல் உள்ளே போனான். மன்னர் வணங்கினார், அவன் குத்தினான். அப்போதும் அவர், 'இவன் நம்மவன், ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டு போய் விடு' என்று அந்தத் தத்தனுக்கே ஆணையிட்டார்.

"நாயனார் கொடுத்தது தம் உயிரை. தம்பி மனைவியின் பணத்தைக் கொடுக்கவில்லையே?" என்றேன்.

நண்பர் பேசவில்லை. எனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. நாம் நாயன்மார்கள் அல்ல. அவர் வணங்கியது திருநீற்றை. நாம் வணங்குவது இஸ்திரி போட்ட சட்டையையும் இங்கிலீஷையும். அன்று மாலை பேசியவர் கொச்சைத் தமிழில், கரகரத்த குரலில் பேசியிருந்தால் நண்பர் தெருப் பெயரைச் சொல்ல வாயெடுத்திருப்பாரா? விதியில்லாத இடத்தில் நாம் எல்லோரையும் நம்பிவிடுவதில்லை. முகத்தைப் பார்த்து, உடையைப் பார்த்து, ஆளுக்குத் தக்கபடி நம்புகிறோம். ஏழையாகத் தெரிகிறவனுக்கு அதில் கிடைப்பது அவமானம். தேர்ந்த திருடனுக்குக் கிடைப்பது நாற்காலி.

ஆங்கில நாட்டுத் தத்துவ ஆசிரியர் ஹாப்ஸ், 1651-இல் வெளியான 'லெவயதன்' என்ற நூலில் ஒரு கேள்வி கேட்கிறார். தூங்கப் போகும்போது கதவைப் பூட்டுகிறாயே, வீட்டுக்குள்ளேயே பெட்டியையும் பூட்டுகிறாயே. அப்படியானால் உன் ஊராரைப் பற்றி, உன் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? மனித குலத்தின் மீது நான் சொல்லால் சுமத்தும் குற்றத்தை நீ செயலால் சுமத்துகிறாய் என்பது அவர் வாதம். சாமர்த்தியமான வாதந்தான். ஆனால் பூட்டு யார் முகத்தையும் பார்ப்பதில்லையே! இவன் யோக்கியன், அவன் அயோக்கியன் என்று பிரிக்கிற வேலை அதற்கு இல்லை. அது மனிதனுக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

அவரே இன்னொரு முடிச்சையும் காட்டியிருக்கிறார். இருவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் முதலில் கொடுப்பவன், அடுத்தவனும் கொடுப்பான் என்பதற்கு என்ன நிச்சயம்? இருவருக்கும் பொதுவான ஒரு வலிமை நடுவில் இருந்தாலொழிய நிச்சயம் இல்லை என்கிறார். கைக்கடிகார வியாபாரத்தில் இந்த முடிச்சு நன்றாக இறுகிவிடுகிறது. பொருள் உள்ளங்கை அளவு, விலை லட்சக்கணக்கு. வாங்கி ஓடுகிறவனுக்குச் சுமையே இல்லை. லண்டனில் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் போலீஸாரே உயர்ந்த கடிகாரங்களைக் கட்டிக்கொண்டு, சோஹோ வட்டாரத்து வீதிகளில் இரவில் உலவி, பறிக்க வந்தவர்களைப் பிடித்தார்கள். அமெரிக்காவிலோ பல ஊர்களில், இணையத்தில் பேசி முடித்த வியாபாரத்துக்குப் போலீஸ் நிலைய வாசலையே ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு வங்கி கிடைத்தது.

விதிகளைக் கேட்டவுடன், இங்கிலீஷ்க்காரர் மறுபடி பேசவில்லை. எல்லாவற்றுக்கும் சம்மதித்து வந்தவன் ஓர் இளைஞன். ரப்பர் செருப்பும் துவைத்து வெளுத்த சட்டையுமாக வந்தான். அவனும் தனியாக வரவில்லை, அக்காள் கணவரை அழைத்து வந்திருந்தான். நாங்கள் இரண்டு பேர், அவர்கள் இரண்டு பேர். மேலாளர் அறைக்கு வெளியே இருந்த மேஜையைச் சுற்றி, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தோம்.

அவன் ஒரு சிறு கருவியால் கடிகாரத்தின் பட்டையைக் கழற்றினான். பட்டைக்கு அடியில் எண் பொறித்திருந்தது. வாங்கியபோது கொடுத்த காகிதச் சான்றில் துளைத்திருந்த எண்ணோடு, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டான்.

"எண் சரியாக இருக்கிறது சார். களவு போன கடிகாரங்களின் எண்களைத் திரட்டி வைத்திருக்கிற நிலையம் லண்டனில் இருக்கிறது. உங்கள் மகன் எண்ணைத் தந்தவுடன் அங்கே விசாரித்துவிட்டேன். அவர்கள் பட்டியலில் இல்லை" என்றான்.

நண்பரின் முகம் சிவந்துவிட்டது. "என் தம்பி பொருளை நான் திருடிக்கொண்டு வந்தேன் என்று நினைத்தாயா?"

"உங்களைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத் தோன்றாது சார். அதனால்தான் எல்லோரிடமும் கேட்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நண்பர் என் பக்கம் திரும்பவே இல்லை.

பணம் அனுப்பியாயிற்று. வந்து சேர இருபது நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கடிகாரம் மேஜை நடுவில் கிடந்தது; அவன் கையும் அதைத் தொடவில்லை, நண்பர் கையும் தொடவில்லை. அவன் அக்காள் கணவர் மாம்பலத்துத் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றி விசாரித்தார். நான்கு பேரில் யாருக்குப் பயம் அதிகம் என்று பார்த்தேன். அந்தப் பையனுக்குத்தான். பணம் அவனை விட்டுப் போய்விட்டது. பொருள் இன்னும் வரவில்லை.

கணக்கில் தொகை ஏறியதும் நண்பர் கடிகாரத்தைத் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அவன் அதைக் கட்டிக்கொள்ளவில்லை. கைக்குட்டையில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து மூடினான்.

"ரயிலில் கூட்டமாக இருக்கும். ஜாக்கிரதை தம்பி" என்றார் நண்பர். பிறகு, பழக்க தோஷம், "வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அவன் கைகூப்பினான். "அதை மட்டும் கேட்காதீர்கள் சார்" என்று சிரித்துவிட்டு, அக்காள் கணவரோடு படியிறங்கிப் போனான்.

நண்பர் வீடு வந்து சேரும் வரை பேசவில்லை.