நிழலுக்கு முதலில் கொடுங்கள்

கறுப்பு வெள்ளைப் பிலிம் கழுவுகிறவர்களிடம் ஒரு பழைய விதி உண்டு. நிழலைப் பார்த்து ஒளி கொடு. வெளிச்சத்தைப் பார்த்துக் கழுவு.

திண்ணை நிழலில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். தெருவில் உச்சி வெயில். வெயிலுக்கு அளந்து படமெடுத்தால் தெரு பளிச்சென்று வரும். பாட்டியின் முகம் வராது. நெகட்டிவில் அந்த இடம் ஒன்றும் பதியாமல் வெறுமையாய் நிற்கும். பிலிமைக் கழுவும் டெவலப்பரில் எவ்வளவு நேரம் ஊறினாலும் அங்கே முகம் எழாது. ஒளி தொட்ட வெள்ளி உப்பைத்தான் டெவலப்பர் படமாக்கும். தொடாததை அதனால் படமாக்க முடியாது.

வெயில் விழுந்த இடம் நேர்மாறானது. டெவலப்பரில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நெகட்டிவில் அது கறுத்துக்கொண்டே போகும். அளவு மீறினால் பிரிண்டில் வெறும் வெள்ளைதான். அதனால்தான் பக்கத்தில் கடிகாரமும் தெர்மாமீட்டரும். ஒளியை உணரும் வேகத்தை 400 என்று வைத்து எடுத்த இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் பிலிமுக்கு, மேலும் தண்ணீர் சேர்க்காத ஐடி-11 டெவலப்பரில், 20 டிகிரி செல்சியஸில், ஏழரை நிமிடம். வெயில் கடுமையாக இருந்ததா? நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். வெளிச்சம் அடங்கிவிடும்.

கூடிப்போவதை அடக்க, கழுவும்போதும் வழி உண்டு. கொடுக்காமல் விட்டதை மீட்க வழி இல்லை.

பிலிம் வாங்கும்போதே இதை நினைத்துக்கொள்ளுங்கள். 125 வேகப் பிலிமில் துகள் நுணுக்கமாக இருக்கும். 400 வேகப் பிலிமில் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். தெரியட்டும். கேமராவைக் கையில் பிடித்து எடுக்கும்போது, நிழலில் இருக்கும் முகத்துக்கு 400தான் துணை. முகமே இல்லாத படத்தில் நுணுக்கம் இருந்து என்ன பயன்?

உங்கள் வீட்டிலும் ஒருவர் நிழலில் இருப்பார். கேட்கிறவருக்குக் கிடைத்துவிடுகிறது, கேட்காதவருக்குத் தள்ளிப்போகிறது. சத்தமாக இருப்பவரைப் பிறகு சமாதானப்படுத்திக்கொள்ளலாம். சத்தமில்லாமல் இருப்பவருக்குப் பிறகு என்பது இல்லை. ஷட்டர் திறந்திருக்கும்போதே அவருக்கு ஒளி போய்ச் சேர வேண்டும்.

இன்று வீடு திரும்பியதும், முதல் வார்த்தையை அவரிடம் பேசுங்கள்.