கேட்டுப் பெற்ற விசுவாசம்

எங்கள் சேலம் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் ஒரு பிள்ளையின் மறைக்கல்வி பெரும்பாலும் ஏழாம், எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. புதுநன்மைக்கு வெள்ளை உடை, உறுதிபூசுதலுக்கு ஆயர் வருகை, வீட்டில் பிரியாணி, அத்தோடு சரி. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பட்டம் வாங்குகிறது, லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறது, கோழித் தீவனத்தின் விலை ஏற்ற இறக்கத்தை மனக்கணக்காகச் சொல்கிறது. கடவுளைப் பற்றி மட்டும் பதின்மூன்று வயதில் தெரிந்ததுதான் ஐம்பதிலும் தெரிகிறது. கேட்டால், "சின்ன வயசுலயே எல்லாம் படிச்சாச்சு" என்பார்கள்.

இந்த மண்ணுக்குக் கத்தோலிக்க விசுவாசம் வந்த வரலாறோ நேர் எதிரானது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி காவியும் பாதக்குறடும் அணிந்து, மரக்கறி உண்டு, தத்துவ போதகர் என்று அறியப்பட்டவர். அவருடைய முறை சரியா தவறா என்ற வழக்கு கோவா வழியாக உரோமை வரைக்கும் போய், 1623 ஜனவரி 31 அன்றுதான் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அதற்கு அனுமதி தந்தார். அதே ஆண்டு நொபிலி மதுரையை விட்டுப் புறப்பட்டு, திருச்சி வழியாகக் கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு வந்தார். அங்கே இராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையோடு ஏற்றுக்கொண்டார். அடுத்துப் போன சேலத்தில் முதலில் தங்க இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆனால் அங்குதான், தம்பியிடம் ஆட்சியைப் பறிகொடுத்திருந்த திருமங்கல நாயக்கர் 1625 வாக்கில் ஞானஸ்நானம் பெற்றார்.

வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். மதுரையில் நொபிலியிடம் முதலில் திருமுழுக்குப் பெற்ற பள்ளி ஆசிரியர் ஏறத்தாழ இருபது நாள், நாளுக்குப் பல மணி நேரம், அவரோடு வாதாடியவர். கடவுள் ஒருவரா, உலகம் படைக்கப்பட்டதா, ஆன்மா உடலை விட்டு உடலுக்குப் போகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை மடக்கி, மீண்டும் கேட்டுத்தான் தலையில் தண்ணீர் வாங்கினார். நொபிலி தமிழில் எழுதிய ஞானோபதேசமும் ஆத்தும நிர்ணயமும் அப்படிக் கேட்டுத் துளைக்கிற பெரியவர்களை எதிரே வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நமக்குக் கிடைத்த ஞானோபதேசமோ கேள்வியையும் பதிலையும் சேர்த்தே அச்சிட்டுக் கொடுத்தது. மனப்பாடம் செய்வது மட்டும்தான் நம் வேலை.

எல்லாரும் தத்துவம் பேசித்தான் வந்தார்கள் என்று சொன்னால் அது பொய். 1876–78 பஞ்சம் சேலம் மாவட்டத்தைச் சூறையாடியது. 1871 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881இல் 16 லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. அந்த ஆண்டுகளில் தென்னாட்டு மறைத்தளங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். "கஞ்சிக்கு வந்தவர்கள்" என்று அவர்களை இன்றும் ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. பசித்தவன் கஞ்சி கொடுத்தவனின் சாமியைத் திரும்பிப் பார்ப்பதில் என்ன கேவலம்? நற்செய்தியிலும் அப்பத்துக்காகக் கூட்டம் வந்தது; இயேசு முதலில் அப்பத்தைத்தான் கொடுத்தார். எந்த வாசல் வழியாக நுழைந்தோம் என்பது பெரிதில்லை. நுழைந்த இடத்திலேயே நான்கு தலைமுறையாக நின்றுகொண்டிருப்பதுதான் கேள்விக்குரியது.

சேலத்தில் கத்தோலிக்கனாக வளர்வதில் ஒரு தனி வசதி இருக்கிறது: இங்கே யாரும் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். நீதிக்கட்சி 1944இல் திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இந்த ஊரில்தான். டீக்கடையில் பெரியார் பேச்சைக் கேட்டு வளர்ந்த நண்பன், "கன்னிக்கு எப்படிடா புள்ள பொறக்கும்? நல்ல கடவுள்னா பஞ்சம் ஏன்?" என்று கேட்பான். நம் பிள்ளைகள் அதற்கு இரண்டு விதமாகத்தான் பதில் சொன்னார்கள். ஒன்று கோபப்பட்டார்கள், இல்லையென்றால் ரகசியமாக அவன் பக்கம் போய்விட்டு, அம்மாவுக்காக ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தார்கள். அவன் கேட்டது அகுஸ்தினாரும் அக்குவினாவின் தோமாவும் பக்கம் பக்கமாக மல்லுக்கட்டிய கேள்வி என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. விசுவாசம் இறைவனின் கொடை; அதே வேளையில் அறிவும் சுதந்திரமும் உள்ள மனிதனின் செயல். இது திருச்சபை காலங்காலமாகப் படிப்பிப்பதுதான். 1998இல் இரண்டாம் யோவான் பவுல் விசுவாசமும் பகுத்தறிவும் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். பகுத்தறிவு என்ற சொல்லைக் கேட்டதும் எதிர்க்கட்சிக் கொடியைப் பார்த்ததுபோல் நாம் முகம் சுளித்ததற்குத் திருச்சபையின் போதனை காரணமில்லை.

கேள்வியில்லாத விசுவாசம் அடுத்தவரையும் காயப்படுத்தும். விசைத்தறிப் பட்டறையில் வேலை பார்த்த பெரியம்மா ஒருத்தி எங்களுக்கு உண்டு. மகனுக்குச் சிறுநீரகம் போனபோது வேளாங்கண்ணிக்கு நடந்தாள், அந்தோனியாருக்குச் செவ்வாய்தோறும் மெழுகுதிரி வைத்தாள். மகன் பிழைக்கவில்லை. துக்கத்துக்கு வந்த ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், "இன்னும் கொஞ்சம் உறுதியா விசுவசிச்சிருக்கணும்மா" என்றார். யோபுவின் நண்பர்கள் பேசியதும் ஏறக்குறைய இதுதான். அந்தப் புத்தகத்தின் முடிவில் ஆண்டவர் கோபித்துக்கொள்வது கேள்விமேல் கேள்வி கேட்ட யோபுவை அல்ல, காரணம் சொன்ன நண்பர்களை. அதை ஒரு முறை படித்திருந்தால் அந்த மனிதர் வாயைத் திறந்திருக்கமாட்டார்.

பெரியம்மா அதற்குப் பிறகும் பூசைக்குப் போனாள். நெடுநாள் செபமாலையைத் தொடவில்லை. என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று கேட்டதற்கு, "கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல கண்ணு. சும்மா போய் உக்காந்துட்டு வாரேன்" என்றாள். அவளுடைய விசுவாசம் தேய்ந்துவிட்டதாக வீட்டில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது வளர்ந்ததாகத்தான் தெரிகிறது. கொடுத்து வாங்குகிற கணக்கு அங்கே முடிந்து வேறொன்று தொடங்கியிருந்தது. அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் அவர் கடவுளின் இருப்பையே உணராமல் வேலை செய்தார் என்று உலகம் அதிர்ந்தது. பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பூசை கண்டவர்களுக்கு அதில் அதிர்ச்சி இருந்திருக்காது. நடுப்பூசையில் நற்கருணை உயர்த்தப்படும்போது நம் பாட்டிமார் முணுமுணுக்கிற வார்த்தைகூட, சந்தேகப்பட்ட தோமா தழும்பைப் பார்த்த பிறகு சொன்னதுதான்.

வளர்ச்சியை எதை வைத்து அளப்பது? நடந்த திருத்தலங்களின் எண்ணிக்கையாலோ, தேர்த்திருவிழாவுக்குக் கொடுத்த நன்கொடையாலோ அளக்கமுடியாது. நம் ஊரில் அதற்குச் சாதியைவிடக் கறாரான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நொபிலியே இதில் தப்பவில்லை. உயர்த்தப்பட்ட சாதியாரிடம் போவதற்காக அவர் ஒடுக்கப்பட்டவர்களிடமிருந்து விலகி வாழ்ந்தார். அவர்களுக்கென்று 1640 முதல் பண்டார சுவாமிகள் என்ற தனி வரிசைக் குருக்கள் ஏற்பட்டார்கள். அந்தக் காலத்தின் கட்டாயம் என்று வரலாற்றாசிரியர்கள் விளக்கலாம். ஆனால் 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இன்னும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள நேர்ந்ததே, அதற்கு எந்தக் காலத்தைக் காரணம் காட்டுவது? ஒரே அப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்புகிறவன் பெண் கொடுக்கும்போது தெருவைப் பார்க்கிறான் என்றால், விசுவாசப் பிரமாணத்தை அவன் மனப்பாடமாகச் சொல்கிறான், அவ்வளவுதான். ஒரே திருமுழுக்கு என்ற வரியைப் பெரியவனாக உட்கார்ந்து யோசித்துப் பார்க்காமல் அவன் மாறமாட்டான். யோசித்தாலும் மாறாதவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் யோசிக்காமலே மாறியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

சேலம் தனி மறைமாவட்டமாக ஆனது 1930இல். நூறாண்டு விழா நெருங்குகிறது. வளைவும் மலரும் வைக்காமல் இருக்கப்போவதில்லை, வைக்கட்டும். கூடவே ஒவ்வொரு பங்கிலும் பெரியவர்களுக்கு ஒரு மறைக்கல்வி வகுப்பு தொடங்கவேண்டும் என்று பங்குத்தந்தையரைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. அன்பியக் கூட்டத்தில் ஐம்பத்துமூன்று மணி செபமாலை முடிந்து டீ வருவதற்குள் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். மொத்தம் 16 அதிகாரம், நான்கிலும் அதுதான் சிறியது. புரியாததை அங்கேயே கேளுங்கள்; கேட்கிற ஆளை யாரும் முறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.