குறைக்கு என்ன விலை?

குறையுள்ள ஒன்றுக்கு மதிப்பு உண்டா? நெசவாளர் சங்கத்தில் சேலை பார்த்து வாங்கும் வேலையில் இருந்தவரை எனக்கு இதில் சந்தேகம் வந்ததில்லை. உடலும் கரையும் சேரும் கோர்வையில் ஓர் இடம் பிசகினாலும் கூலியில் பிடித்தம். ஓய்வுக்குப் பிறகு வெள்ளைக்காரன் காலத்து ரூபாய் நோட்டுகளைச் சேர்க்கத் தொடங்கினேன். அங்கேதான் கணக்கு குழம்பியது.

காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் ஓரிக்கையில் பரணைச் சுத்தம் செய்கிறவர்கள், தகரப் பெட்டியில் எதுவும் அகப்பட்டால் என்னிடம் கொண்டுவருவார்கள். அண்மையில் ஒரு பையன் ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட பத்து ரூபாயை நீட்டினான். வெளிச்சத்தில் பிடித்தேன். நீர்க்குறியில் ராஜா தலை தெளிவாகத் தெரிந்தது. ரிசர்வ் வங்கி ஆளுநர் தேஷ்முக்கின் கையெழுத்து. ஓரத்தில் இரண்டு பின் ஓட்டை, நாலாக மடித்த தடம், ஒரு மூலையில் எண்ணெய்க் கறை.

“லட்சம் போகுமா, ஐயா?”

“போகாது தம்பி. இது நிறைய பேரிடம் இருக்கிறது.”

விலை போடுகிறவர்கள் கையெழுத்தைப் பார்ப்பார்கள், வரிசை எண்ணைப் பார்ப்பார்கள், கடைசியில் தாளின் நிலைக்கு வந்து நிற்பார்கள். ஒரே வகை நோட்டுகளில் மடிப்பே விழாததற்குத்தான் முதல் விலை. அதாவது கடைக்குப் போகாத, கூலியாகக் கைமாறாத, ஒரு வேலையும் செய்யாத நோட்டு. அரிசி வாங்கி, வட்டி கட்டி, சீர்வரிசைத் தட்டில் உட்கார்ந்து எழுந்து வந்த நோட்டு அதற்குக் கீழே.

இதற்கு விலக்கும் உண்டு. முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததால் 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தது. அடுத்து இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு வந்தது. 1926 ஜனவரி 1 முதல் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டரை ரூபாய் நோட்டு இன்று கிடைப்பது அரிது என்பதால் கசங்கியிருந்தாலும், மூலை கிழிந்திருந்தாலும் யாரும் வேண்டாம் என்பதில்லை.

இன்னொரு கூட்டம் அச்சுப் பிழையைத் தேடியே அலைகிறது. ஒரே தாளில் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எண் விழுந்திருக்க வேண்டும். படம் கோணலாக விழுந்திருக்க வேண்டும். எந்தக் குற்றத்துக்கு நான் கூலி பிடித்தேனோ, அதே மாதிரிக் குற்றத்துக்கு இவர்கள் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள்.

குறையைப் பற்றிய இந்த வழக்கு காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. 1268-இல் வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் பிறந்த தூப்புல் இங்கேதான் இருக்கிறது. அடியவனின் குற்றத்தைப் பெருமாள் காணாமல் விட்டுவிடுகிறார், அதுவே அவருடைய வாத்சல்யம் என்பார்கள் தேசிகர் வழிவந்த வடகலையார். பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையாரோ, பெருமாள் அந்தக் குற்றத்தையே விரும்பி ஏற்கிறார் என்பார்கள். கன்று ஈன்ற பசு அதன் உடம்பு அழுக்கை நக்கியெடுப்பதை அவர்கள் எடுத்துக்காட்டுவது வழக்கம்.

கிழிசலைக் கண்டுகொள்ளாமல் இரண்டரை ரூபாய் நோட்டை வாங்குகிறவர் வடகலை, பிழையைக் கொஞ்சுகிறவர் தென்கலை என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன். ஆனால் இந்த வேடிக்கை கொஞ்ச தூரம்தான் வரும். கிழிசலை மன்னிப்பவரும் பிழையைக் கொஞ்சுபவரும் பார்ப்பது ஒன்றைத்தான்: அடுத்தவனிடம் இது இருக்கிறதா? அச்சான எல்லா நோட்டிலும் பிழை இருந்தால் பிழைக்குக் காலணா தேறாது. மனுஷன் குறையோ ஊர் முழுக்கக் கிடக்கிறது. குறையில்லாத ஆளை நான் பார்த்ததில்லை. சந்தைக் கணக்குப்படி நம்மில் ஒருவருக்கும் விலை கிடையாது.

அந்தக் கணக்குக்கு மறுப்பு எங்கள் ஊர்க் கதையிலேயே இருக்கிறது. தன்னைப் பாடும்படி பல்லவ அரசன், திருமழிசையாழ்வாரின் சீடன் கணிகண்ணனைக் கேட்டான். கணிகண்ணன் மறுத்ததும் ஊரைவிட்டுப் போகச் சொன்னான். பயன்பட்டால் இரு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்பது அரசன் போட்ட விலை. சீடன் கிளம்பினான் என்று திருமழிசையாழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் சொன்னார் என்று யதோக்தகாரிப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அன்றிரவு அவர்கள் தங்கிய இடம் ஓரிக்கை.

கணிகண்ணனைப் போல இன்னும் எத்தனை பேர் என்று பெருமாள் விசாரித்ததாகக் கதையில் இல்லை. தம்மைச் சேர்ந்தவன் போகிறான், அது போதும். குற்றத்தைக் காணவில்லை என்றாலும், விரும்பினார் என்றாலும், இந்த இடத்தில் இரண்டு கலைக்கும் வழக்கில்லை. நோட்டின் விலை அது எத்தனை பேரிடம் இல்லை என்பதில் இருக்கிறது. உயிரின் மதிப்பு அது யாருடையது என்பதில் இருக்கிறது.

நீர் எந்தக் கட்சி என்று கேட்டால், நான் சேலை பார்த்தவன். குற்றத்தைக் குற்றம் என்றே சொல்லிப் பழகிய வாய் இது. என் குறையை யாரும் ரசிக்க வேண்டாம். காணாமல் விட்டால் போதும்.