வெயில் காலத்தில் வீட்டுக் குடம்



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, பூசை உடுப்பைக் கழற்றி வைக்குமுன்னமே நாலைந்து தாய்மார்கள் கதவண்டை வந்து நின்றார்கள். "சாமி, மூணு நாளா குழாயில காத்துதான் வருது" என்றார் ஒருவர். "எல்லாத் தண்ணியையும் வெயிலே குடிச்சிடுச்சு சாமி" என்றார் மற்றொருவர். எனக்கு அந்தப் பேச்சு வாரம் முழுதும் மனத்தில் நின்றது. வெயில் குடித்தது எவ்வளவு, நாம் குடித்தது எவ்வளவு என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

வெயிலும் குடிக்கத்தான் செய்கிறது. நமது சென்னைப் பட்டணத்திற்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் ஆழமில்லாமல் அகன்று கிடக்கும் ஏரிகள். சித்திரை, வைகாசியில் நாளொன்றுக்கு ஆறு மில்லிமீட்டர் நீர் ஆவியாய்ப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விரற்கடைகூட இல்லை. ஆயினும் ஓர் ஏக்கர் பரப்பிலிருந்து அதுவே 24,000 லிட்டர்; பெரிய தண்ணீர் லாரி இரண்டு. ஏரியோ ஆயிரக்கணக்கான ஏக்கர். ஆகவே அந்தத் தாயார் சொன்னது பொய்யல்ல.

ஆனால் அது பாதிக் கதையே. மீதிக் கதை காலத்தைப் பற்றியது. நமக்கு வருஷ மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நாம் சித்திரையில் குடிப்பது ஐப்பசியில் பெய்தது. இதை நாம் மறந்துவிடுகிறோம். குழாயைத் திருகினால் வருவது இன்றைய தண்ணீர் என்று நினைக்கிறோம். அது ஆறு மாதத்திற்கு முன் யாரோ பிடித்து வைத்தது.

சேசுநாதர் வாழ்ந்த பாலஸ்தீன நாட்டு ஜனங்களுக்கு இது நன்றாய்த் தெரிந்திருந்தது. அங்கேயும் மழை குளிர்காலத்தில்தான். கோடை முழுவதும் ஒரு துளி விழாது. அதனால் வீட்டுக்கு வீடு பாறையைக் குடைந்து, சுண்ணாம்பு பூசி, கூரை நீரையும் முற்றத்து நீரையும் தொட்டியில் இறக்கிவைத்தார்கள். தொட்டியில் விரிசல் விட்டால் அந்த வீட்டின் கோடை அத்துடன் முடிந்தது. வெடித்த தொட்டிகளைப் பற்றி எரேமியாஸ் தீர்க்கதரிசி பேசும்போது, கேட்டவர்களுக்கு அது அலங்காரப் பேச்சாகத் தோன்றியிருக்காது, அடிவயிற்றில் சில்லென்றிருக்கும்.

2019ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதற்கு முந்தின ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக்கு வழக்கமான மழையில் பாதியளவுகூட இல்லை. நான்கு ஏரிகளும் நிரம்பினால் சுமார் 11 டி.எம்.சி. கொள்ளும். ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,800 கோடி லிட்டர். பட்டணம் முழுவதற்கும் அது ஒரு மாதச் செலவு. ஜூன் மாதத்தில் அந்த ஏரிகளில் அநேகமாக ஒன்றுமே இல்லை. வெடித்த சேற்றில் மாடு மேய்ந்தது. நாள் ஒன்றுக்கு 83 கோடி லிட்டராயிருந்த விநியோகம் 52 கோடியே 50 லட்சமாய்க் குறைக்கப்பட்டது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் காவேரித் தண்ணீர் ரயிலேறி வந்தபோது வாழைமரம் கட்டாத குறைதான். நல்ல காரியமே, ஆனால் குறைத்துக் கொடுத்த அளவிலேயே அது இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இத்தனைக்கும் மூன்றரை வருஷத்திற்கு முன், 2015 டிசம்பரில், இதே பட்டணத்தில் ஜனங்கள் படகில் ஏறித் தப்பினார்கள்.

இனி தெருவுக்கு வருவோம். ஏரியில் நீர் இருக்கும்போதே குழாயில் காற்று வருவது எப்படி? கோடையில் எல்லாருடைய செலவும் ஒரே சமயத்தில் கூடுகிறது. ஒருவேளை குளித்தவர் இருவேளை குளிக்கிறார். பள்ளி விடுமுறை, பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வாசலுக்கு நீர் தெளிக்கிறோம், மொட்டை மாடியில் ஊற்றிச் சூட்டைத் தணிக்கிறோம். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் திறந்தால் தெரு முழுவதும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கிறது. முதல் வீட்டில் நீர் குதிக்கிறது. நடு வீட்டில் நூலாய் வருகிறது. கடைசி வீட்டில் உஸ்ஸென்று சத்தம் மட்டும். இதற்கு மேல் முதல் வீட்டுக்காரர் பொதுக் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் கடைசி வீட்டுக்கு அந்தச் சத்தமும் கிடையாது. அப்படிச் செய்வது சட்டப்படி குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நம் பங்கிலேயே எத்தனை வீட்டில் மாட்டியிருக்கிறது என்று நான் எண்ணப்போவதில்லை. எண்ணுவதற்கு எனக்கு யோக்கியதை குறைவு. ஏன் என்று சொல்கிறேன்.

2019இல் நான் கடலோரத்தில் வேறொரு பங்கில் இருந்தேன். மே மாதத்தில் சாமியார் பங்களாக் கிணறு வற்றியது. ஆழமாய் ஒரு போர் போடச் சொன்னேன். ஒன்றரைக் குதிரைச் சக்தி மோட்டாரும் வந்தது. தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்தபோது மந்திரித்து ஜெபம்கூடச் சொன்னேன். பத்து நாள் சென்று, பின் சந்திலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். மீன் விற்றுப் பிழைக்கிறவர். நம் சபையைச் சேர்ந்தவரல்ல. "சாமி, தப்பா நெனைக்காதீங்க. உங்க மோட்டார் சத்தம் கேட்டா எங்க உறைகெணத்துல குருவி குடிக்கக்கூட மிஞ்ச மாட்டேங்குது" என்றார்.

நான் முதலில் நம்பவில்லை. எங்கள் போர் எங்கள் மதிலுக்குள், அவர்கள் கிணறு மதிலுக்கு வெளியே அல்லவா? ஆனால் பூமிக்கடியில் மதில் இல்லை. ஓரிடத்தில் வேகமாய் இறைத்தால் சுற்றிலும் நீர்மட்டம் புனல்போலச் சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவுக்குள் அகப்பட்ட இருபது, இருபத்தைந்தடி உறைகிணறுகளெல்லாம் முதலில் காலியாகும். ஆழமாய்த் தோண்டக் காசுள்ளவனுக்குத் தண்ணீர், இல்லாதவனுக்கு மணல்.

அவர் சொன்ன பிறகாவது மோட்டாரை நிறுத்தினேனா? இல்லை. பள்ளிக்கூடத்திற்கும் கோயிலுக்கும் வேண்டுமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். என்னை நிறுத்தியது மனச்சாட்சியல்ல, உப்பு. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்து நிற்கிறது. நல்ல நீரின் மட்டம் ஓரடி தாழ்ந்தால், அடியிலுள்ள உப்பு நீர் நாற்பதடிவரை மேலேறிவரப் பார்க்கும். ஜூன் மாதத்தில் எங்கள் போர்த் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. சந்தில் இருந்தவர்களுக்கோ அதற்கு முன்பே குடம் காலி.

ஈசாக்கு கிணறு வெட்டிய வரலாறு ஆதியாகமத்தில் இருக்கிறது. அபிரகாமின் ஊழியர் வெட்டிய கிணறுகளைப் பிலிஸ்தீனர் மண்ணிட்டுத் தூர்த்திருந்தார்கள். மகன் அவற்றைத் திரும்பத் தூரெடுத்தார். புது ஊற்றுக் கண்டபோது கெரார் ஊர் மேய்ப்பர் வந்து, இந்தத் தண்ணீர் எங்களுடையது என்று வழக்காடினார்கள். ஈசாக்கு சண்டையிடாமல் விலகிப்போய் வேறொன்று வெட்டினார். அதற்கும் வழக்கு. மூன்றாவதற்குத்தான் எவரும் வரவில்லை. "இடம்" என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். குருமடத்தில் இதைப் படித்த காலத்தில் குருவாகிறவன் ஈசாக்கைப்போலிருக்கவேண்டும் என்று எண்ணினேன். அந்த மே மாதத்தில் நான் கெரார் ஊர் மேய்ப்பனாயிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த ஜூனில் நாங்கள் மழைக்காக நவநாள் வைத்தோம். நல்ல கூட்டம். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ சிறு மழை ஒன்று பெய்தது. ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். நான் வெளியே வந்து பார்த்தேன். கோயில் கூரைத் தண்ணீர் முழுவதும் குழாய் வழியாய் இறங்கி நேரே சாக்கடைக்குள் விழுந்துகொண்டிருந்தது. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீரைப் பூமிக்குள் இறக்கவேண்டுமென்று 2003லேயே அரசாங்கம் கட்டாயமாக்கியிருந்தது. எங்கள் கோயிலிலும் குழி ஒன்று இருந்தது. அதன்மேல் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவைத்திருந்தார்கள். சர்வேசுரனிடம் கையேந்திக் கேட்டதை அவர் கொடுக்கும்போது, பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்திருந்தோம்.

ஆகஸ்டில் பெஞ்சுகளை அகற்றிக் குழியைத் தூரெடுத்து, ஜல்லியும் மணலும் புதிதாய்ப் போட்டோம். மதிலோரத்தில் இன்னொரு குழி வெட்டி, கூரைக் குழாய்களில் பாதியை அந்தப் பக்கம் திருப்பினோம். மோட்டார் காலையில் ஒரு மணி நேரம் மட்டும். அடுத்த கோடையில் சந்து உறைகிணற்றில் தண்ணீர் நின்றது. கொஞ்சந்தான், ஆனால் நின்றது. அந்த மூதாட்டி ஒருநாள் இலையில் சுற்றிய மீனோடு வந்தார். வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாயிருந்தது, வாங்கிக்கொண்டேன்.

உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போடலாம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் வருஷத்திற்கு 1,30,000 லிட்டர் விழுகிறது. சிந்தியது, காய்ந்தது போக ஒரு லட்சம் என்று வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அது ஐந்து மாதத்திற்குச் சற்றே குறைவு. எல்லாவற்றையும் தொட்டியில் சேர்த்துவைக்க ஒருவராலும் ஆகாது. பூமியில் இறக்கினால் போதும். அது உங்கள் கிணற்றுக்கே திரும்பி வரும் என்று நான் வாக்குத் தரமுடியாது. சந்துக் கிணற்றுக்கும் போகலாம். சொட்டும் குழாயின்கீழ் ஓர் இரவு குடத்தை வைத்துக் காலையில் பாருங்கள். அதைப்பற்றி நான் தனியே சொல்லவேண்டாம்.

யாக்கோபின் கிணற்றண்டை நடுப்பகலில் குடமெடுத்து வந்த சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் முதலில் உபதேசம் செய்யவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். களைத்து, கயிறும் வாளியும் இல்லாமல், அந்நிய ஜாதிப் பெண்ணிடம் கேட்டார். அந்தக் கிணறு நாப்லூஸ் நகரருகே ஒரு கோயிலுக்குள் இன்றும் இருக்கிறது. நூறடிக்கும் மேல் ஆழம். தண்ணீர் கேட்டு நிற்கிறவரின் கூச்சம் அவருக்குத் தெரியும். நம் தெருக் கடைசி வீட்டுக்காரர்களுக்கும் தெரியும்.

ஆகவே இந்த வாரம் முதல், கோயில் மதிலுக்கு வெளியே ஒரு குழாய் வைக்கப்படும். காலை ஆறு முதல் ஏழரைவரை திறந்திருக்கும். எந்த மதத்தினரும் வரலாம். அட்டை, சீட்டு ஒன்றும் வேண்டாம். தெருவின் கடைசியிலுள்ள வீடுகள் முதலில் பிடிக்கட்டும். கோயில்பிள்ளை நின்று பார்த்துக்கொள்வார். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு வாலிபர்கள் கோயில் மழைநீர்க் குழியைத் தூரெடுக்கிறார்கள். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். பொதுக் குழாயில் மோட்டார் மாட்டியிருப்பவர்கள் அதற்குமுன் கழற்றிவிட்டு வந்தால், யார் யார் என்று நான் கேட்கமாட்டேன்.

உங்கள் பங்குக் குரு