கலங்கலைத் தாண்டும் நீர்

பெரிய வரைபடங்களில் துரிஞ்சலாற்றைத் தேடினால் ஒரு மெல்லிய கோடுதான் கிடைக்கும். சிலவற்றில் அதுவும் கிடைக்காது. திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள குன்றுகளின் மழைநீரைத் திரட்டிக்கொண்டு தெற்கே இறங்கித் தென்பெண்ணையில் கலந்துவிடும் சிற்றாறு அது. மழை பெய்தால் ஆறு; பொய்த்தால் வெறும் மணல். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பதை ஆறு என்று அழைக்கலாமா என வெளியூரார் கேட்கக்கூடும். கீழ்பென்னாத்தூர் வட்டாரத்து உழவர் அவ்வாறு கேட்பதில்லை. அவர்களுக்கு ஆறு என்பது ஓடும் நீர் மட்டுமன்று. நீர் வரும்போது அது யார் யாரை எந்த வரிசையில் சென்றடைய வேண்டும் என்ற ஏற்பாடும் ஆகும்.

இந்த ஏற்பாட்டின் நீண்ட கரம் நந்தன் கால்வாய். துரிஞ்சலாற்றின் குறுக்கேயுள்ள கீரனூர் அணைக்கட்டில் பிரிந்து, ஏறக்குறைய 37 கிலோமீட்டர் தொலைவு சென்று, விழுப்புரம் மாவட்டத்துப் பனமலை ஏரியில் அது முடிகிறது. பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் நிற்கும் அதே பனமலைதான். வழியில் 36 ஏரிகள் இக்கால்வாயை நம்பியுள்ளன. ஆனால் கடைசி ஏரிக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த ஆண்டுகள் சிலவே. சாத்தனூர் அணையிலிருந்து இக்கால்வாய்க்கு இணைப்பு வேண்டும் என்பது அப்பகுதி உழவரின் நெடுநாளைய கோரிக்கை.

ஒவ்வோர் ஏரிக்கும் கலங்கல் ஒன்று உண்டு. ஏரி அந்த மட்டத்திற்கு நிரம்பியதும், மிகுந்த நீர் அதன் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். 'ஏரி கோடி போயிற்று' என்று ஊரார் மகிழ்ந்து சொல்வது இதனைத்தான். கற்களால் ஆன இந்தக் கலங்கலின் உயரத்தை வெறும் பொறியியல் கணக்கு என்று நாம் எண்ணிவிடலாகாது. 'இதுவரை உனக்கு, இதற்கு மேல் உன் அயலாருக்கு' என்று முன்னோர் வகுத்த எல்லை அது. கலங்கலின்மேல் மண்மூட்டைகளை அடுக்கி அரையடி உயர்த்தினால் மேலூருக்குச் சில நாள் பாசனம் கூடும். கீழூருக்கு ஒரு போகமே இல்லாமற் போகலாம்.

மூட்டை அடுக்குகிறவரைக் கள்வர் என்று எளிதாகப் பழித்துவிட முடியுமா? அவர் வீட்டிலும் கடன் உண்டு. வயலில் பயிர் வாடுகிறது. அடுத்த மழை வருமோ என்ற அச்சம் அவருக்கும் உண்டு. 'என் ஊரில் பெய்த மழையை நான் தேக்குவதில் என்ன தவறு?' என்பது அவரது கேள்வி. நேர்மையான கேள்விதான். ஆனால் அவர் ஏரிக்கு வந்த நீரும் மேலேயுள்ள ஒருவரின் கலங்கலைத் தாண்டி வந்ததன்றோ? மேலூரில் இருப்பவரும் ஏதோ ஒரு மேலூருக்குக் கீழூர்தான். மிஞ்சியதைக் கொடுப்பது ஈகை. கொடுப்பவர் மனம் மாறினால் அது நின்றுபோகும். கலங்கலைத் தாண்டும் நீரோ ஈகையன்று. அது கீழூரின் உரிமை. உரிமையை நன்கொடைபோல் வழங்குவதும் ஒருவகை அநீதியே.

இன்று இக்கேள்வி மண்ணுக்கடியிலும் இறங்கிவிட்டது. ஏரி வறண்டாலும் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது என்ற துணிவில் மதகும் வாய்க்காலும் கவனிப்பாரற்றுப் போகின்றன. ஏரியில் அளவுக்கு மீறி எடுத்தால் ஊர் காணும். நிலத்தடியில் எடுத்தால் காண்பவர் இல்லை. ஆழ்துளைக் கிணற்றுக்குக் கலங்கல் கிடையாது. ஆழமாகத் தோண்ட வசதியுள்ளவர் இறைக்க, வசதியற்றவரின் கிணறு வற்றுகிறது. யாரும் காணாத இடத்தில் நம் எல்லையை நாமே வகுத்துக்கொள்வோமா என்பதே இன்றைய சோதனை.

பற்றாக்குறையில் மட்டுமா இந்த உறவு? 2024 டிசம்பர் 2 அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையால் நிரம்பிய சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. கரையோர ஊர்கள் பல நீரில் மூழ்கின. வறட்சியில் மேலூரார் விடமறுக்கும் நீரே வெள்ளத்தில் கீழூரை மூழ்கடிக்கிறது. கீழூருக்கும் கடமை உண்டு. நீர்வரத்துக் கால்வாயை ஆக்கிரமித்துப் பயிரிட்டால், போக வழியற்ற வெள்ளம் மேலூர் வயல்களில் தேங்கும். கொடுப்பவர் எல்லையைக் காக்க வேண்டும். பெறுபவர் வழியைக் காக்க வேண்டும்.

ஒரு காலத்தில் குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் கூடி வாய்க்காலைத் தூர்வாரினர். நீர் பங்கிடுவதற்கென நீர்க்கட்டி இருந்தார். அப்பணி பல ஊர்களில் நிலமற்ற தலித் மக்களிடம் இருந்தது. சொந்த வயல் இல்லாதவரே எல்லார் வயலுக்கும் நடுநிலையோடு நீர் அளந்தார் என்பதை வியந்து பேசுவது எளிது. பிறர் நிலம் விளைய அளந்தவருக்கு நிலமே இல்லாதிருந்த அநீதியை அந்த வியப்பு மறைத்துவிடக் கூடாது. பழைய ஏற்பாடுகள் அனைத்தும் அறமானவை அல்ல. எனினும், கடைமடைக்குத் தண்ணீர் சேர்ந்ததா என்று கேட்ட அந்த முறை நமக்கு இன்றும் தேவை.

சாத்தனூர் நீர் இணைப்பு நிறைவேறினாலும் இக்கேள்வி தீராது. புதிய நீரும் பழைய கலங்கல்களைத் தாண்டித்தான் பனமலைக்குப் போக வேண்டும். நிலம், ஊதியம், கல்வி, பதவி என நம்மிடம் வந்து சேர்ந்தவை யாவும் எவரோ ஒருவரின் கலங்கலைத் தாண்டி வந்தவையே. நமது கலங்கலின் உயரம் முன்னோர் வைத்த மட்டத்தில் இருக்கிறதா, நாம் மூட்டைகளை அடுக்கியிருக்கிறோமா என்று எண்ணிப் பார்ப்போம். அதற்கான விடையைக் கடைமடையில் இருப்பவர் நன்கு அறிவார்.