சொல்லக்கூடாத பட்டம்

மார்க்கம் நகரில் எமது வீட்டு விசேஷங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "பிள்ளை என்ன படிக்கிறா?" "நேர்சிங்கில டொக்டரேட்" என்று பதில் வந்தால் சபை சற்றுத் தடுமாறும். "அப்ப டொக்டரோ, மிசியோ?" என்று யாராவது கேட்டும் விடுவார்கள். நாமும் சிரிப்போம். ஆனால் அந்தச் சிரிப்பு எம்மைப் பற்றி என்ன சொல்கிறது?

ரொறன்ரோப் பல்கலைக்கழகம் 2022 இல் தாதியருக்கான தொழில்சார் கலாநிதிப் படிப்பைத் தொடங்கியது. கனடாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. ஆய்வாளரை உருவாக்கும் பிஎச்டி அல்ல இது. வேலை செய்யும் இடத்திலேயே பராமரிப்பு எங்கே பிழைக்கிறது என்று கண்டு திருத்தப் பழக்குவது. ஒன்ராறியோவில் நோயைக் கண்டறிந்து மருந்தெழுதும் நேர்ஸ் பிராக்டிஷனர் ஆவதற்குக்கூட இந்தப் பட்டம் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. இம்மாகாணத்தின் 1991 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, சிகிச்சை வழங்கும்போது 'டொக்டர்' என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் உரிமை மருத்துவர், பல்மருத்துவர், உளவியலாளர் போன்ற சில தொழிலாளருக்கே உரியது. தாதியர் அதில் இல்லை. வேற்று மொழியில் அதற்கு ஈடான சொல்லும் ஆகாது. நோயாளி குழம்பக்கூடாது என்பது நியாயமே. எமது தமிழில் வைத்தியருக்கு ஒரு சொல், கலாநிதிக்கு இன்னொரு சொல் என்று இரண்டு இருக்கின்றன. இருந்தும் ஒன்றுக்கு மட்டுமே தலை வணங்கப் பழகியவர்கள் நாம்.

பெயரைச் சொல்ல முடியாதென்றால் அந்தப் படிப்பில் மிஞ்சுவது என்ன?

2003 இல் ரொறன்ரோவைச் சார்ஸ் தாக்கியது. ஒன்ராறியோவில் இரண்டு தாதியர் அந்நோயால் இறந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் நோய் ஓய்ந்துவிட்டதாக அதிகாரிகள் நம்பியிருந்தபோது, அது ஓயவில்லை என்று எச்சரித்தவர்கள் கட்டிலருகே நின்ற தாதியர். அவர்கள் குரல் எடுபடவில்லை. நோய் இரண்டாம் முறை பரவியது. நீதிபதி ஆர்ச்சி கம்பெல்லின் விசாரணை ஆணைக்குழு இதைத் தன் 2006 ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவுசெய்திருக்கிறது.

காண்பதற்கு அவர்களுக்குப் பட்டம் தேவைப்படவில்லை. கேட்கப்படுவதற்குத்தான் ஏதோ தேவைப்பட்டது. அப்படியாயின் எல்லோரும் கலாநிதியாகி விடுவதுதான் வழியா? அதை ஏற்க எமக்கு மனம் வரவில்லை. படித்தவர் சொன்னால் மட்டுமே காது கொடுப்பது என்ற வழக்கத்தை அது இன்னும் ஒரு படி உயர்த்தி வைக்கும், அவ்வளவே. இங்குள்ள முதியோர் இல்லங்களில் எமது தாய்மாரைக் குளிப்பாட்டி உடை மாற்றும் பெண்ணுக்குப் பட்டம் இல்லை. அம்மா இன்று சாப்பிடவில்லை, முகம் சரியில்லை என்று முதலில் அறிபவள் அவள்தான்.

அவள் சொல்வதை மேலிடத்தில் எடுத்துச் சொல்லி, மதிக்க வைப்பதற்கு ஒரு தாதியின் கலாநிதிப் பட்டம் உதவுமானால், அத்தனை வருடச் செலவும் கண்விழிப்பும் வீணல்ல. கட்டிலை விட்டு மேசைக்குப் போகும் வழியாக மட்டும் அது முடியுமானால், எமது சபையின் சிரிப்புக்கும் அந்தப் பட்டத்துக்கும் பெரிய பேதம் இராது.

அடுத்த விசேஷத்திலும் அந்தக் கேள்வி வரத்தான் போகிறது. டொக்டரோ மிசியோ என்று கேட்பதை விட்டு, அவ வேலை செய்யிற இடத்தில ஆற்ற சொல்லைக் கேட்கினம் என்று நாம் விசாரிக்கலாம்.